பிஸ்கட் கலர் பிளக்: ஆர்.டி. 350-இன் இரட்டை கார்ப்ரேட்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய ஆர்.டி. 350 பைக் வைத்திருக்கும் நாலு பேர் ஒரு டீக்கடையில் கூடினால் இந்த வசனம் கட்டாயம் வரும்: "பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்கட் கலர்ல இருக்கு. டியூனிங் பக்கா." பிளக் என்றால் சிலிண்டருக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து எரிகிறதா என்பதை அதன் நிறம் காட்டும் என்பது நம்பிக்கை. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வசனத்தையே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வாசலில் பத்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் ஓடவிட்டு, இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக மேரி பிஸ்கட். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, காலியாகக் கிடந்த நாற்கரச் சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தேன். சில நிமிடம்தான். பின்சக்கரம் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். இடது பிஸ்டன் ஜாம்.

அன்றைக்குப் பிளக் பொய் சொல்லவில்லை. ஐட்லிங் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றது. முழு ஆக்சிலேட்டரில் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் மாதக்கணக்கில் திருகைத் திருகிக்கொண்டிருக்கிறோம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவருக்கும் புரியும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எந்த வண்டி

யமஹா ஆர்.டி. 350 வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தது 1973-இல். இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் அதைத் தயாரித்தது. முதலில் வந்த 'ஹை டார்க்' 30.5 குதிரைத்திறன், பிறகு வந்த 'லோ டார்க்' 27. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். வெளிநாட்டு வண்டியில் இருந்த முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே டிரம் பிரேக் போட்டார்கள். நிற்கத் தெரியாத வண்டி என்ற பெயர் வந்ததில் அதற்கும் பங்குண்டு.

நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பாகம்), தனித்தனி பிளக், தனித்தனி சி.பி. பாயிண்ட் (பொறி விழும் நேரத்தை வைக்கும் சுவிட்ச்), தனித்தனி சைலன்சர். ஒரே கிராங்கில், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்ன இன்ஜின் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நோயில் கிடந்தாலும் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். நோய் வெளியே தெரியாமல் போவது அதனால்தான்.

அடுப்பில் தெரிவதுதான் இன்ஜினிலும்

கேஸ் அடுப்பில் காற்று சரியாகக் கலந்தால் நீலச் சுடர். பர்னர் அடைத்துக் காற்று குறைந்தால் மஞ்சள் சுடர், பாத்திரத்தின் அடியில் கரி. இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். முழு பலம் வேண்டுமென்றால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக, ஒன்றுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று என்று கொடுப்பார்கள்.

பெட்ரோல் கூடிப்போன கலவையை 'ரிச்' என்பார்கள். காற்று கூடிப்போனால் 'லீன்'. ரிச் ஓடினால் கரி பிடிக்கும், புகை வரும், மைலேஜ் விழும், பிளக் நனைந்து வண்டி மிஸ் அடிக்கும். எரிச்சல்தான், ஆனால் பெரிய சேதம் இல்லை. லீன் அப்படியல்ல. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். பெட்ரோல் குறைந்தால் அந்தக் குளிர்ச்சியும் குறையும். பிஸ்டன் அலுமினியம், சூட்டில் அது விரியும் அளவுக்கு சிலிண்டரின் இரும்புச் சுவர் விரியாது. ஒரு கட்டத்தில் இடைவெளி தீர்ந்துபோய் இரண்டும் கவ்விக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் ஜாம். இதில் மோசம் என்னவென்றால், லீன் ஓடும் வண்டி ஜாம் ஆவதற்கு முன்னால் பிரமாதமாக ஓடுவதுபோல் தெரியும். சத்தம் கூர்மையாகும், பிக்கப் ஏறியதுபோல் இருக்கும். சந்தோஷப்படும் நேரம் அதுவல்ல.

இதுவரை சொன்னது: ரிச் என்றால் செலவு, லீன் என்றால் ஆபத்து. சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே நில்லுங்கள்.

மருந்தடிக்கும் பம்பும் கார்ப்ரேட்டரும்

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கும் பழைய தகரப் பம்பு ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாக வெளியே வரும். வரும் வழியில், மருந்து டப்பாவிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயின் வாயைக் கடந்து போகும். வேகமாகப் போகும் காற்றில் அழுத்தம் குறையும். அதனால் டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலேறி, தூவலாகத் தெறிக்கும்.

கார்ப்ரேட்டர் அந்தப் பம்பின் நாகரிகமான தம்பி. இங்கே காற்றைத் தள்ளுவதற்கு ஆளில்லை, இன்ஜின் உறிஞ்சுகிறது. நடுவில் குறுகலாக இருக்கும் வழிக்கு 'வென்ச்சுரி' என்று பெயர். மருந்து டப்பாவின் இடத்தில் 'ஃப்ளோட் சேம்பர்' என்ற சின்னக் கிண்ணம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து தண்ணீரை நிறுத்துவதுபோல, இதற்குள் இருக்கும் மிதவை பெட்ரோல் மட்டத்தை ஒரே உயரத்தில் வைத்திருக்கும். இரண்டு கார்ப்ரேட்டரிலும் இந்த மட்டம் ஒன்றாக இல்லையென்றால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. பெட்ரோலை அளந்துவிடும் துளையிட்ட பித்தளைத் துண்டுதான் 'ஜெட்'. எண் கூடக்கூடப் பெட்ரோல் கூடும்.

ஒரு கார்ப்ரேட்டருக்குள் நாலு வேலையாட்கள்

குழப்பம் தொடங்குவது இங்கேதான். இந்த வண்டியில் இருப்பது மிக்குனி கம்பெனியின் கார்ப்ரேட்டர். அதில் பெட்ரோலை அளக்கும் வேலையை ஒரே ஆள் செய்வதில்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்து ஆள் மாறும்.

ஐட்லிங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை 'பைலட் ஜெட்'. நம் மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பது இதைத்தான். இதற்குத் துணையாக வெளியே ஒரு ஏர் ஸ்க்ரூ. அடுத்து, கால் பங்கு வரைக்கும் 'ஸ்லைடு' என்ற உருளையின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் பகுதி ஆட்சி செய்யும். ஸ்லைடு என்பது ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறி வழியைத் திறக்கும் கதவு. அதன் நடுவில் தொங்கும் கூரான 'நீடில்' கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை பெட்ரோலை அளக்கும். நாம் சாதாரணமாக வண்டி ஓட்டுவதில் பெரும்பகுதி இங்கேதான். முக்காலுக்கு மேல் முழுசாகத் திறந்தால் 'மெயின் ஜெட்'.

நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்குள்ளும் நுழைவார்கள். ஆனால் அந்தந்த வீட்டுக்குப் பொறுப்பு அந்தந்த ஆள்தான். ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் முழு வேகத்தில் கலவை கிட்டத்தட்ட மாறாது. நூறில் ஓடும்போது மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, ஐட்லிங்கில் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக் காதால் கேட்டு 'செட்' பண்ணித் தருகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எந்த ஆளின் பிரச்சினை என்று கண்டுபிடிக்க இரண்டு ரூபாய்ச் செலவு. கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப், அதன் பக்கத்தில் அசையாத ஹவுசிங்கில் இன்னொரு துண்டு. மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். ஓட்டும்போது எந்தக் கோட்டில் மக்கர் செய்கிறதோ, அந்தக் கோட்டுக்கு உரிய பாகத்தை மட்டும் பாருங்கள்.

என் வண்டியில் நடந்ததும் இதனால் விளங்கும். டேங்க்கிலிருந்து வந்த துருத் துகள் ஒன்று, குண்டூசித் தலையில் பாதிகூட இருக்காது, இடது மெயின் ஜெட்டின் வாயில் உட்கார்ந்திருந்தது. பைலட் ஜெட்டின் வழி சுத்தம். ஐட்லிங்கில் பிளக் பிஸ்கட் கலராக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்

கார்ப்ரேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் இக்னிஷன் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் பொறி விழ வேண்டும், இரண்டு சிலிண்டரிலும். இரண்டுக்கும் தனித்தனி பாயிண்ட் என்பதால் ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக வராவிட்டால் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரை மறுபடி குடைவது) பற்றி யோசிக்கலாமே தவிர, ஜெட்டைப் பற்றி அல்ல.

மூன்றாவது, திருட்டுக் காற்று. கார்ப்ரேட்டரைத் தாண்டி, கணக்கில் வராமல் உள்ளே நுழையும் காற்றை இப்படிச் சொல்கிறேன். கார்ப்ரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கும் ரப்பர் பத்து வருடத்தில் வெடித்துவிடும். விரலால் வளைத்துப் பாருங்கள். உள்மடிப்பில் நகக்கீறல்போலக் கோடுகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கிராங்க்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல் இன்னொரு வழி. டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். ஆகவே சீல் தேய்ந்தால் அதன் வழியாகவும் இன்ஜின் உறிஞ்சும். இந்த வண்டியில் இடதுபக்கம், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இருக்கும் உலர்ந்த இடம். அந்த சீல் போனால் காற்று நுழைந்து இடது சிலிண்டர் லீன் ஆகும். வலதுபக்கம் கிளட்ச்சும் கியர் ஆயிலும். அந்த சீல் போனால் ஆயிலை உறிஞ்சி வலது சைலன்சர் மட்டும் கொசு வண்டிபோல் புகை கக்கும்.

திருட்டுக் காற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சட்டென்று இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு, பிறகு மனசில்லாமல் இறங்கினால் எங்கேயோ காற்று கூடுகிறது என்று அர்த்தம்.

ஒரே நுகத்தில் இரண்டு மாடு

இனி இரட்டையைச் சேர்க்கும் வேலை. இதற்குச் 'சிங்க்ரனைசிங்' என்று பெரிய பெயர். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு அரை அடி முன்னால் போனால் நுகத்தடி கோணலாகும், வண்டி ஒருபக்கம் இழுக்கும், பின்தங்கிய மாட்டின் சுமையையும் மற்றது சேர்த்து இழுக்கும். இங்கே மாடுகள் இரண்டு ஸ்லைடு. கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் வழியில் மூன்றாகப் பிரிகிறது: இரண்டு, ஸ்லைடுகளுக்கு, மூன்றாவது, பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலை இன்ஜினுக்குள் அனுப்பும் ஆயில் பம்புக்கு. ஸ்லைடுகள் ஒரே உயரத்தில் நிற்கவும் வேண்டும், ஒரே நொடியில் எழவும் வேண்டும்.

நான் செய்யும் முறை இது. ஏர் ஃபில்டர் பக்க ரப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் வழவழப்பான முனையைச் செருகுவேன். ஸ்லைடு நிற்கும் உயரத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை மெல்லத் திருகி, இரண்டும் ஒரே மாதிரி லேசாகப் பிடித்து இழுக்கும்வரை கொண்டுவருவேன். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும். பிறகு பிட்டுகளை எடுத்துவிட்டு, இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, மகனைவிட்டு ஆக்சிலேட்டரைத் துளித்துளியாக முறுக்கச் சொல்வேன். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் விரலை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் அதன் கேபிளில் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போதுதான் இதெல்லாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கேபிளைத் தொட்ட பிறகு ஆயில் பம்பின் சக்கரத்தில் இருக்கும் அடையாளம் கையேட்டில் காட்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் படி இதுதான். பம்பு பின்தங்கினால் முறுக்கும்போது ஆயில் குறையும். கலவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆயில் இல்லாத பிஸ்டன் பிழைக்காது.

அடுத்தது ஏர் ஸ்க்ரூ. இரண்டையும் மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருகி, கையேட்டில் சொன்ன சுற்றுக்கு வெளியே எடுங்கள். மிக்குனியில் பெரும்பாலும் ஒன்றரைச் சுற்று வாக்கில் இருக்கும். இந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. ஆகவே உள்ளே போனால் ரிச், வெளியே வந்தால் லீன். வேறு சில வண்டிகளில் இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். அங்கே எல்லாம் தலைகீழ். எந்த வண்டி என்று பார்க்காமல் "உள்ளே திருகு, ரிச் ஆகும்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியைச் சூடாக்கிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் தனியாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்து பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, அது சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வையுங்கள். சும்மா தொங்கவிட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குக் கேடு, பக்கத்தில் பெட்ரோல் வாடை இருந்தால் உங்களுக்கும் கேடு. ஒற்றைக் காலில் நிற்கும் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க, இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவையும் சமமாகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று நகர்த்தி, ஆர்பிஎம் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மற்ற பக்கத்துக்கும் இதையே செய்து, இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஐட்லிங்கை இருபுறமும் சமமாக இறக்குங்கள். கடைசியாக இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி தட்டினால் மாடுகள் சேர்ந்துவிட்டன.

சுருக்கமாக: முதலில் பொறி, பிறகு காற்றுக் கசிவு, பிறகு ஸ்லைடு, பிறகு ஆயில் பம்பு, கடைசியில்தான் ஏர் ஸ்க்ரூ. பலர் தொடங்குவது கடைசியில்.

வெற்றிலை போட்ட நாக்கு

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்கிறார். வெற்றிலை போட்டுக்கொண்டு போய் நீட்டினால் அவருக்கு உங்கள் உடம்பு தெரியாது, வெற்றிலைதான் தெரியும். பிளக்கும் அப்படித்தான். கடைசியாக அது எந்த நிலையில் ஓடியதோ, அதன் நிறத்தைத்தான் மேலே பூசிக்கொண்டு வரும். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு ஊருக்குள் நாலு சிக்னலில் நின்று வீட்டுக்கு வந்து கழற்றினால், கையில் இருப்பது சிக்னலின் நிறம்.

மெயின் ஜெட்டைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் முழு ஆக்சிலேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் இக்னிஷனை அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதற்குப் 'பிளக் சாப்' என்று பெயர். புது பிளக்காக இருந்தால்தான் பேச்சு சுத்தமாக இருக்கும். பழைய பிளக்கில் பழைய கதையெல்லாம் சேர்ந்திருக்கும். இந்த வண்டி மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் போகும் வேகத்துக்கு நம் சாலைகளில் இடமில்லை. ரேஸ் டிராக்கில் பயிற்சி நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் மெயின் ஜெட்டைக் கையேட்டின் எண்ணிலேயே விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். நீடில் பகுதியை அரை ஆக்சிலேட்டரில் இதேபோல் பார்க்கலாம். அதற்கு அவ்வளவு வேகம் தேவைப்படாது.

பிளக்கில் எங்கே பார்ப்பது

சரி, கழற்றியாயிற்று. பிளக்கின் முகத்தில் நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். பீங்கான் உள்ளே இறங்கி இரும்புக் கூட்டோடு சேரும் ஆழமான இடம். கூட்டின் விளிம்பிலிருந்து வளைந்து வந்து கம்பிக்கு மேலே குடைபோல் நிற்கும் பட்டை. எல்லோரும் பார்ப்பது பீங்கானின் நுனி. கலவையைச் சொல்வது பீங்கானின் அடிவாரம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் சின்ன டார்ச்சும் வைத்து உள்ளே எட்டிப் பாருங்கள். அடிவாரத்தில் பழுப்பாக ஒரு மெல்லிய வளையம் தெரிந்தால் முழு ஆக்சிலேட்டரில் கலவை சரி. வளையம் தடித்துக் கறுத்து மேலே ஏறி வந்தால் ரிச். வளையமே இல்லாமல் அடிவரை வெள்ளையாக இருந்தால் லீன்.

நுனியில் இன்னொன்றைத் தேடுங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், அல்லது மின்னும் சின்னச் சின்ன வெள்ளி மணிகள். வெள்ளி மணி என்று நாம் ரசிப்பது உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பட்டை வேறு கதை சொல்லும். அது 'ஹீட் ரேஞ்ச்' பற்றியது. அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பது. பிளக்கின் நுனி குறைந்தது 450, 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி விழும் முன்னே கலவையைப் பற்றவைத்துவிடும். சூட்டால் பட்டையில் விழும் நிறக்கோடு வளைவின் பக்கம் நின்றால் சரி. அடிவரை இறங்கிவிட்டால் பிளக் ரொம்பச் சூடானது, நுனியிலேயே நின்றுவிட்டால் ரொம்பக் குளிர்ந்தது.

ஆர்.டி.க்கு வழக்கமாகப் போடும் என்ஜிகே பி8எச்எஸ் என்ற பெயரில் 8 என்பதுதான் ஹீட் ரேஞ்ச். பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை, எச் என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடானது. கடையில் "7-க்குப் பதில் 7 குடுங்க" என்று வேறு கம்பெனி பிளக்கை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். கலவை ரிச்சாக இருப்பதை மறைக்கச் சூடான பிளக் போடுவது அதைவிட மோசம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவதுபோல.

சுருக்கமாக: அடிவாரம் கலவையைச் சொல்லும், பட்டை பிளக்கின் சூட்டைச் சொல்லும், நுனி ஆபத்தைச் சொல்லும்.

பழைய கலர் சார்ட்டை ஏன் நம்பக் கூடாது

பல பட்டறைச் சுவர்களில் தொங்கும் பிளக் கலர் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. அந்த அழகான பிஸ்கட் நிறத்தில் ஈயத்தின் படிவுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இன்றைய பெட்ரோலில் ஃபோர் ஸ்ட்ரோக் பிளக் வெளுப்பாக வந்தாலே லீன் என்று சொல்லிவிட முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் நிறம் இன்னும் விழுகிறதே என்றால், அதில் பாதி ஆயிலின் நிறம். ஆயில் பிராண்டை மாற்றினால் ஜெட்டைத் தொடாமலே நிறம் மாறும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பம்பைக் கழற்றிவிட்டு டேங்க்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஜெட்டின் துளை அதேதான். அதன் வழியே போகும் ஒரு லிட்டரில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். கூடுதல் ஆயில் கலவையை லீன் ஆக்கும். கேட்டவுடன் யாரும் நம்பமாட்டார்கள், நானும் நம்பவில்லை.

எத்தனாலும் இதே திசையில்தான் தள்ளுகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும், ஏனென்றால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 1983-இல் வேறு பெட்ரோலை நினைத்துப் போட்ட ஜெட்டுக்கு இது லீன். போதாததற்குப் பழைய ரப்பர் ஹோஸையும் ஃப்ளோட் பகுதி வாஷர்களையும் ஊறவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்க்கில் துருவைக் கூட்டும். அந்தத் துரு எங்கே போய் உட்காரும் என்பதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மலை ஏறினால்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய வண்டி ஊட்டியில் ரிச் ஆகிக் கரகரக்கும். பயப்பட வேண்டாம், இறங்கினால் சரியாகிவிடும். ஊட்டியிலேயே ஒரு பட்டறையில் ஜெட்டைச் சின்னதாக்கி 'சரி' செய்துகொண்டு, அப்படியே சமவெளிக்கு இறங்கி முறுக்கினால்தான் வினை.

இறங்கும்போது இன்னொன்று. குன்னூர் மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் போட்டு இன்ஜின் பிரேக்கில் இறங்குவது ஃபோர் ஸ்ட்ரோக் பழக்கம். ஆர்.டி.யின் ஆயில் பம்பு ஆக்சிலேட்டர் கேபிளோடு கட்டப்பட்டது என்று மேலே பார்த்தோம். மூடியிருந்தால் ஆர்பிஎம் கூடுதலாக இருந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் ஆயில் வரும். அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால்

எல்லாம் செய்த பிறகும் ஒரு பிளக் கறுப்பாகவும் மற்றது வெளுப்பாகவும் வரலாம். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்காரருக்கு இல்லாத வசதி நமக்கு இங்கே உண்டு: ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கறுப்பு நிறம் அந்த பிளக்கோடு சேர்ந்தே இடம் மாறினால் பிளக்கே கெட்டது. மாறாமல் அதே பக்கம் நின்றால் இரண்டு மெயின் ஜெட்டையும் மாற்றிப் போடுங்கள், எண்ணை நம்பாமல். எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் உள்ள ஜெட்டுகள் கடையில் கிடைக்கத்தான் செய்கின்றன. அப்போதும் அசையவில்லை என்றால் நீடிலின் உயரத்தை வைக்கும் கிளிப் இரண்டிலும் ஒரே பள்ளத்தில் இருக்கிறதா, ஃப்ளோட் மட்டம் ஒன்றா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும். கார்ப்ரேட்டர் முழுவதையும் மாற்றிப் பார்த்தும் கறுப்பு அதே பக்கம் நின்றால், இனி ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையில்லை. அந்தப் பக்கத்துப் பாயிண்டையும் கிராங்க் சீலையும் பாருங்கள்.